பல்லி கொடுத்த வீடு

கல்யாணமாகி ஒன்றரை வருஷமாகியும் என் கணவரிடம் நான் முழுதாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. அம்மாபேட்டையில் அவருடைய அண்ணன் வீட்டில் பதினோரு பேர், இரண்டே அறை. நான் "உங்களைத்தான்" என்று ஆரம்பித்தால் நாலு பேர் "என்ன?" என்பார்கள். தனி வீடு கிடைக்காவிட்டால் அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

யுத்த காலம் அது. குண்டு விழுமென்று பட்டணத்திலிருந்து ஓடிவந்தவர்கள் சேலத்தில் மாட்டுக்கொட்டகையைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு தரகர் அடுத்த தெருவில் காலி வீடு ஒன்றைக் காட்டினார். வீட்டுக்காரர் வெண்ணந்தூர்ப் பக்கம் விவசாயி. குடித்தனக்காரரைத் தேடுவது, வாடகைப் பத்திரம் எழுதுவது, உடைந்த ஓடு மாற்றுவது எல்லாம் தரகர்தான். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவர் கையில் இல்லை. குடிவருகிறவர்களைத் தன் ஊர்க் கோயிலில் உட்கார வைத்து வீட்டுக்காரர் பல்லி சகுனம் கேட்பார். சத்தம் வந்தால்தான் வீடு.

"பல்லியப் பத்தி நீங்க ரோசனை பண்ணாதீங்க. அத நான் பாத்துக்கறனுங்க" என்றார் தரகர், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் நாங்கள் மூவரும் அந்த ஊருக்குப் போகும்போது. துண்டால் வாயை மறைத்து, நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தார். அசல் பல்லி! முன் சீட்டுப் பெரியவர் பயபக்தியோடு பலகையை விரலால் தட்டினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உடனே தரகருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னொரு தடவை செய்து காட்டும்போது பஸ் பள்ளத்தில் இறங்க, நாக்கை நன்றாகக் கடித்துக்கொண்டார்.

கோயிலில் வீட்டுக்காரர் சூடம் ஏற்றினார். "இவங்களுக்கு ஊட்டைக் குடுக்கலாமுங்களா, தாயே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். தரகர் துண்டுக்குள் முயன்று பார்த்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. மறுபடியும் புஸ். என் கணவர் விட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தார், மிரட்டினால் பல்லி கத்திவிடும் என்பது போல. வீட்டுக்காரர் எழுந்திருக்கக் கையை ஊன்றினார்.

போச்சு, என் வீடு போச்சு! தலை குனிந்து, முந்தானையால் வாயைப் பொத்தி, நானே சத்தம் கொடுத்துவிட்டேன். பதற்றத்தில் நாக்கு நிற்கவே இல்லை. ஏழெட்டுத் தடவை அடித்துவிட்டது.

வீட்டுக்காரர் தரையைத் தட்டி, "தாயே!" என்றார். தரகரோ நிஜப் பல்லி என்றே நம்பி, கண்கலங்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வயிற்றிலிருந்து பொங்கிய சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு அந்த அம்மனுக்குத்தான் தெரியும்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட என் கணவர் தரகரோடு வெளியே போனார். வீட்டுக்காரர் என் பக்கம் வந்தார்.

"அம்மணி, பல்லின்னா செவுத்து மேல இருந்து கத்தோணும். இது கீழ இருந்தல்லொ கேட்டுது."

எனக்கு உயிரே போய்விட்டது. தரகர் மேல் பழியைப் போடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், வெட்கமில்லாமல்.

"பட்டணத்துக்காரங்க மூணு பேரு இதே ஊட்டைக் கேட்டு நிக்கறாங்க" என்றார் அவர். "பயம் தெளிஞ்சா அவங்க போயிருவாங்க. நீங்க இத்தன ஆசைப்படறீங்க. ஊட்டை ஊடா வெச்சுக்குவீங்க. புடிங்க."

சாவியை இரண்டு கையாலும் வாங்கினேன். அவ்வளவு நேரம் அடக்கியது சிரிப்பு, வந்தது அழுகை.