ஞாயிற்றுக்கிழமையில் வந்த துக்க ஜெபமாலை

அம்மாவைப் பார்த்துக்கொள்ள கேர் மேனேஜர் வைத்திருக்கிறேன் என்று கோயம்புத்தூரில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். ஆபீசில் யாராவது ஊரில் தனியாக இருக்கும் தாய் தகப்பனைப் பற்றிக் கவலைப்பட்டால் போதும், அவள் நம்பரை எடுத்து நீட்டிவிடுவேன். நர்சிங் படித்த ஏரல்காரப் பெண். தூத்துக்குடி வீட்டில் அம்மாவுக்கு டாக்டர், மாத்திரை, கூட இருக்க ஆள் எல்லாம் அவள் பொறுப்பு. கெட்டிக்காரி. அதை இப்போதும் மறுக்க மாட்டேன், அதுதான் எரிச்சலே.

அம்மாவுக்குக் காது மந்தம். போனில் நான் ஒன்று கேட்டால் அவள் ஒன்று சொல்வாள். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சாயங்காலம் அம்மா ஜெபமாலை சொல்வதை மேனேஜர் பதிவு செய்து எனக்கு அனுப்புவாள். அருள் நிறைந்த மந்திரத்தின் முன்பாதியைச் சொல்லிவிட்டு அம்மா எனக்காக நிறுத்துவாள். பின்பாதியை நான் சமையலறையில் நின்றபடி சொல்வேன். சிறுவயதில் வீட்டில் குடும்ப ஜெபம் அப்படித்தான் நடக்கும். எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது அவ்வளவுதான்.

ஜெபமாலையில் தியானிக்கும் தேவ இரகசியங்கள் கிழமைக்குக் கிழமை மாறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துக்க தேவ இரகசியம் வந்தது. துக்கம் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும், ஞாயிறென்றால் மகிமை என்பது எங்கள் கடற்கரையில் நண்டுசிண்டுக்குக்கூடத் தெரியும். ஞாயிறும் துக்கம் சொல்லும் தவக்காலமும் இல்லை. அந்த வாரம் முழுக்கக் கிழமை தப்பியே வந்தது. மேனேஜரிடம் கேட்டேன். வயதாகிறதல்லவா, ஞாபகம் கொஞ்சம் பிசகத்தான் செய்யும் என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். நானும் நம்பி அழுதேன்.

அடுத்த ஞாயிறும் துக்கம். மூன்றாம் இரகசியத்தில் அம்மா இருமினாள், தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்தார். எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. போன வாரத்ததைப் போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் அதே இருமல், அதே ஹாரன். பழைய பதிவுகளையே திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறாள்; மாலை என்றால் எல்லா நாளும் ஒரே மாலைதான் என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அம்மா கட்டிலில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை விளங்கவில்லை. பேச்சு அடியோடு நின்றிருந்தது. பக்கவாதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறதாம். விரிப்பு சுத்தமாக இருந்தது, தலை வாரியிருந்தது, உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லை.

ஏன் மறைத்தாய் என்று மேனேஜரைக் கேட்டேன். அவள் குரல்கூட மாறவில்லை.

"சொன்னா பதறிப்போயி அம்மாவ உங்ககூடக் கூட்டிட்டுப் போயிருவியக்கா. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. மருந்து, பிசியோ, ஒண்ணும் கொற வைக்கலையே."

இதற்கு முன் பார்த்த வீட்டிலும் பிள்ளைகள் அப்படித்தான் தாயைக் கூட்டிப்போய்விட்டார்களாம், அவள் வேலை போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் வீட்டாரைக் கேட்டபோது, மகளுக்குச் சொல்லியாச்சு என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். எனக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் அம்மாவின் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள். "நான் தெனமும் சொன்னேம்லா, மகட்ட அன்னைக்கே சொல்லியாச்சு, வாரேன்னு சொல்லியிருக்காவன்னு. இன்னா, வந்துட்டாவ பாருங்க."

விழுந்த நாளிலிருந்து, மகளுக்குத் தெரியும், தெரிந்தும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அம்மா வாசலைப் பார்த்துக் கிடந்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியாதும்மா, இவ எங்கிட்டச் சொல்லவே இல்ல" என்று கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். காதில் விழவில்லையோ, விழுந்தும் நம்பவில்லையோ, அம்மா கையை உருவிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.