பென்டிரைவில் வைத்திருந்த டிரைவர்

மர்பி டவுனில் என் ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். அதைப் புதிய பதிப்புக்கு மாற்றிய மறுநாள் காலை பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்தது. விளக்கு எரிந்தது, காகிதம் நகரவில்லை. கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்திருந்த கமிட்டிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாதிக் கன்னடத்தில், "சும்னே, வீணா எதுக்கும்மா தலைவலி? பழைய வெர்ஷனையே திரும்பப் போட்டுடுங்க," என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உட்காருங்கண்ணா. இதுலயேதான் அடிச்சுத் தருவேன்."

எப்போது பதிப்பை மாற்றினாலும் பிரிண்டரை இயக்கும் நிரலான டிரைவரை நானேதான் போட வேண்டியிருக்கும். அதற்கென்றே ஒரு பென்டிரைவ் மேசையில் கிடக்கும். முந்தின நாளும் பதிப்பை மாற்றிய கையோடு போட்டிருந்தேன். அப்படியும் பிரிண்டர் அசையவில்லை. இப்போது அதை அழித்துவிட்டு உடனே மறுபடியும் போட்டேன். கேபிளை மாற்றினேன். அப்புறம்தான் கணினி எழுதி வைத்திருந்த பிழைச் செய்திகளைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். பிரிண்டரை வேறொரு நிரல் ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பதாக ஒரு வரி சொன்னது. யாரடா அது என்று தேடினால், புதிய லினக்ஸேதான்! இந்த பிரிண்டரை டிரைவர் இல்லாமலே இயக்கும் வசதி அதிலேயே வந்திருந்தது. நான் போட்ட டிரைவர் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

டிரைவரை அடியோடு நீக்கிவிட்டு, கேபிளைக் கழற்றி மாட்டினேன். தமிழும் கன்னடமுமாக நோட்டீஸ் வந்து விழுந்தது.

"அப்படி என்னம்மா போட்டீங்க?"

"ஒண்ணும் போடலண்ணா. நான் போட்டதை எடுத்தேன்."