சுஜாதா போட்ட கீறல்

மேசை மேல் மூன்று நாள் டீக் கப்பு. அடியில் பால் ஏடு காய்ந்து, அதில் ஓர் ஈ ஒட்டிச் செத்திருந்தது. அந்தக் கப்புக்குச் சொந்தக்காரரான பேராசிரியர் மகாராஜன்தான் சுஜாதாவைப் பார்த்து, "உன் கை சுத்தமில்லம்மா" என்றார்.

சுஜாதா தன் கையைப் பார்த்தாள், பிறகு அந்தக் கப்பைப் பார்த்தாள்.

ராசிங்காபுரத்துக்காரி. போடியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். அதற்கு முன் பதினோரு வருடம் ஏலக்காய்க் கிடங்கில் காய் தரம் பிரித்தவள். அங்கே ஒவ்வொருத்தியும் தான் முடித்த மூட்டையில் ஓர் அடையாளம் வைப்பாள். சொத்தைக் காய் அகப்பட்டால் அடுத்தவள் பழி தன் தலையில் விடியக் கூடாதல்லவா? சுஜாதாவின் அடையாளம், தைத்த நூலில் இரட்டை முடிச்சு.

ஆய்வகத்துக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. பூச்சு பூசிய கண்ணாடிச் சில்லுகளை வெல்வெட்டுத் துணியால் ஒரே போக்கில் தேய்ப்பது அவள் வேலை. அப்படி இரண்டு சில்லுகளை முகத்துக்கு முகம் வைத்து ஒட்டி, நடுவே திரவப் படிகத்தை விட்டால், தேய்த்த வாக்கிலேயே மூலக்கூறுகள் படுத்துக்கொள்ளும். துணி போய் நின்ற முனையில், சில்லின் பின்பக்கம், ஊசியால் ஒரு கீறல் போட்டு வைப்பாள். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

பழைய திரவப் படிகத்துக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது. சில்லுகளை எப்படி ஒட்டினாலும் ஒன்றுதான். மகாராஜன் வெளிநாட்டிலிருந்து ஐந்து மாதம் காத்திருந்து வரவழைத்தது புது ரகம், ஃபெர்ரோஎலெக்ட்ரிக் நெமாட்டிக். இதில் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துத்தான் படுக்கும். எந்தப் பக்கம் என்பதைக் கண்ணாடி தேய்த்த போக்கு சொல்லும்.

வந்த துளி அத்தனையும் வீண். மூலக்கூறுகள் ஒழுங்காகப் படுத்திருந்தால் நுண்ணோக்கியில் இருண்டு தெரிய வேண்டிய இடம் மஞ்சளும் ஊதாவுமாய்க் கிடந்தது. நடுவே கோணல் கோடுகள். எப்படித் திருப்பியும் இருளவில்லை.

"ஏலக்கா பொறுக்குன கை. முன்னயும் பின்னயும் தேச்சிருக்க. இந்தா, இதுல கையெழுத்துப் போடு."

மகாராஜன் நீட்டியது 'தவறு என்னுடையது' என்று தட்டச்சடித்த கடிதம். மூன்று மாதத்தில் அவளுக்கு நிரந்தர ஆணை வரவேண்டும். போட்டால் அது வராது. போடாவிட்டால் நாளைக்கே வீடு.

"ஒரு போக்குலதான் சார் தேச்சேன்."

"அப்ப மூலக்கூறு பொய் சொல்லுதாக்கும்?" பல்லிடுக்கில் நோண்டியதை மேசைக்காலில் தடவினார்.

சுஜாதா ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு கீறல் இந்த முனையில். மற்றது அந்த முனையில்.

ஆராய்ச்சி மாணவி பானுப்பிரியா எட்டிப் பார்த்தாள். "ஆத்தாடி! அக்கா, தலைமாடு மாறிருச்சு. கீழ்க் கண்ணாடி இந்தப் பக்கம் தல வையிங்குது, மேல் கண்ணாடி அந்தப் பக்கம் வையிங்குது. நடுவுல கெடக்குறது அரைச் சுத்து முறுக்கிக்கிருச்சு. பெறகெங்கிட்டு இருளும்?"

"ஒட்டுனது யாரு பானு?"

பானுவின் கண் மகாராஜன் பக்கம் போனது. பழைய ரகத்தை இருபது வருடமாய் எதிரெதிராக ஒட்டிப் பழகிய கை எதுவென்று மூவருக்கும் தெரியும்.

மகாராஜன் தொண்டையைச் செருமினார். "சரி சரி. ரிப்போர்ட்டுல ஒரு காரணம் எழுதணும்ல? என் பேரையா எழுத முடியும்? வெரசாப் போடும்மா, சோலி கெடக்கு."

தெரியாமல் செய்த தப்பென்றால் அவள் முகம் சுளித்திருக்க மாட்டாள். தெரிந்த பிறகும் பேனாவை நீட்டுகிற மனுசன்! சொத்தைக் காயைக் கடித்ததுபோல் நாக்கு கசந்தது. அந்தப் பேனாவைத் தொடக் கூசியது. தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து, கடிதத்தின் அடியில் எழுதினாள்: "ரெண்டு கீறலும் எதிரெதிரா இருக்கு. தேச்சது நான். ஒட்டுனது சார்." கீழே கையெழுத்து. கண்ணாடியோடு சேர்த்து முதல்வர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

வேலை போகவில்லை. திங்கட்கிழமை ஆய்வகச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'கீறல்கள் ஒரே முனையில் அமையுமாறு ஒட்டுக. இம்முறையை வகுத்தவர் முனைவர் மகாராஜன்.'

"அக்கா, ஒங்க கீறலு டாக்டராயிருச்சு!" பானு சிரித்தாள்.

சுஜாதா சிரிக்கவில்லை. அறை முழுக்கக் கூட்டி அள்ளினாள். ஈ செத்த கப்பை மட்டும் தொடவில்லை. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, புதுச் சில்லை எடுத்துத் தேய்த்து, முனையில் கீறினாள். இந்த முறை ஒன்றல்ல, இரண்டு, மூட்டை நூலில் போட்ட முடிச்சுபோல.