சும்மா கிடந்த களம்

எங்கள் ஊர் சமயநல்லூருக்கு மேற்கே. யாராவது வந்து விளைச்சல் எப்படி என்று கேட்டால், நெல் ஆள் உயரம் குவிந்திருந்தாலும், "என்னத்த, சும்மா கிடக்கு" என்றுதான் சொல்வோம். உள்ளதைச் சொன்னால் கண்பட்டுவிடும். மாட்டைக் கேட்டாலும் அதே பதில், கிணற்றைக் கேட்டாலும் அதே பதில். அந்தப் பேச்சுதான் எங்கள் களத்தைக் கொண்டுபோனது.

ஊருணிக்கரை மேட்டில் இருந்தது நெல்லடிக்கும் களம். ஊர்ப் பொது. மாடு மிதித்து மிதித்துத் தரை இறுகிப்போயிருந்தது. காற்றுக்குத் தடையில்லை; தூற்றினால் பதர் தனியே பறந்துவிடும். அறுப்பு முடிந்துவிட்டால் வெறும் பொட்டல்தான். ஆடு படுத்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஓர் ஆனி மாதம், சிம்மக்கல்லில் தானிய மண்டி வைத்திருந்த முதலாளி வில்வண்டியில் வந்து இறங்கினார். எங்கள் நெல்லெல்லாம் அவர் மண்டிக்குத்தான் போகும். நல்ல மனுஷர், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊருக்கு ஏதாவது தர்மம் செய்ய ஆசை. வெள்ளைக்காரன் பங்களா மாதிரி இல்லாமல் நம் மண்ணுக்கு ஒட்டினாற்போல் கல்தூண் மண்டபம், தாமரைக்குளம், சுற்றிலும் வேம்பும் பூவரசும் என்று கையை வீசி வீசிச் சொன்னார். பிறகு களத்து மேட்டில் நின்று, "இது என்ன இடம்?" என்றார்.

எங்க அய்யா, அதாவது என் அப்பா, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சும்மா கிடக்கு மொதலாளி" என்றார்.

"சும்மாவா? இம்புட்டு காத்து வருது!"

"காத்துதான் வருது. வேற என்ன இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பெரியவர்கள் நடுவில் வாய் திறக்க முடியாது. வீட்டுக்குத் திரும்பும்போது, "அய்யா, களத்தைக் கேட்டுட்டா?" என்றேன்.

"மண்டிக்காரருக்குக் களம் எதுன்னு தெரியாதாடா?"

கூட வந்த மாமன் மகன் விடவில்லை. "மாப்ள, நீ மேகத்தைப் பாத்தாலே வீட்டுக்கு முட்டுக் குடுக்குற ஆளாச்சே!"

முதலாளி களத்தைக் கேட்டேவிட்டார். சும்மா கிடக்கிறது என்று சொன்ன வாயால் பிறகு எப்படி இல்லை என்பது? போதாததற்கு நெல் வாங்குகிற கை. ஊர் கூடி மாலை போட்டுக் கொடுத்தது.

குளம் வெட்ட வந்தவர்களின் கடப்பாரை தரையில் இறங்கவில்லை. "என்னண்ணே, தரையா பாறையா?" என்று வைதுகொண்டே வெட்டினார்கள். மண்டபம் எழும்பியது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சாயங்காலம் தூண்களெல்லாம் குளத்து நீரில் நிற்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும்.

தை பிறந்தது. கதிர்க்கட்டுகளை எங்கே இறக்குவது? மண்டபத்துப் பக்கம் கொண்டுபோனோம். முதலாளி வைத்திருந்த காவல்காரர் கம்போடு வந்தார். "கோயில் மாதிரி வச்சிருக்கு, இதுல மாட்டக் கட்டி அடிக்க வந்துட்டீகளா?"

வண்டிப்பாதையில் போட்டு அடித்தோம். போகிற வண்டிக்காரன் எல்லாம் வைதான். அள்ளியபோது நெல்லோடு சரளையும் வந்தது. பெண்கள் புடைத்துப் புடைத்துக் கை ஓய்ந்தார்கள்.

சிம்மக்கல்லுக்கு நானும் அய்யாவுடன் போனேன். முதலாளி ஒரு கை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "உங்க ஊரு நெல்லா இது? ஒரே கல்லு. எங்க போட்டு அடிச்சீங்க?"

"ரோட்டுல மொதலாளி."

"ஏன், ஊர்ல களம் இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். அய்யா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"இல்ல மொதலாளி."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தோடே விலையைக் குறைத்தார். நாங்கள் எழுந்தபோது, "மண்டபம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன மொதலாளி, அம்சமா இருக்கு. நல்ல காத்து."

வண்டி வைகையைத் தாண்டும்வரை பொறுத்தேன். "இப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல அய்யா?"

"என்னன்னு சொல்லச் சொல்ற?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "கல்லு மண்டபத்தப் பேத்துட்டுக் களத்தக் குடுங்கன்னா?"

வெறும் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டு வந்தார். மறு வருஷமும் பாதையில்தான் அடித்தோம்.