மாவு மில்லில் நூல் கடை

பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட்டுக்கு மேல்புறம், ரோடு சரிந்து இறங்கும் இடத்தில் ஒரு பழைய மாவு மில் பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. ஷாஹீன் அதை வாடகைக்குக் கேட்டதும் கட்டடத்துக்காரர் மாதவராஜே தயங்கினார்.

"உள்ள போயி ஒருக்கா நல்லா பாத்துட்டு வந்து சொல்லுங்கம்மா" என்று சாவியை நீட்டினார்.

போய்ப் பார்த்தாள். கூரையில் நான்கு இடத்தில் ஓடே இல்லை. சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசஞ்செடி. நடுக்கூடத்தில் எஞ்சின் நின்ற சிமெண்ட் மேடை, அசையாமல். அந்த ஓட்டைகள் வழியே இறங்கிய வெயிலில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக நூல் உருண்டைகள் அடுக்கியிருப்பதுபோல அவளுக்குத் தோன்றிவிட்டது. திரும்பி வந்து, "புடிச்சிருக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

நாற்பத்து நான்கு வயதில் அவள் செய்த முதல் கிறுக்குத்தனம் அது. தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் பதினெட்டு வருஷம் புடவை எடுத்துக் காட்டியவள். பதினெட்டு வருஷமும் நின்றபடியேதான். அங்கே உட்காரக் கூடாது. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பையிலிருந்து பின்னல் போடும் குரோஷா ஊசி வெளியே வந்துவிடும். உல்லன் நூல் வேண்டுமென்றால் ஓசூருக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும். பாலக்கோட்டிலேயே ஒரு நூல் கடை இருந்தால் என்ன என்று ஒருநாள் பஸ்ஸிலேயே தோன்றியது. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள்.

மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் அவள் கணவர் ஜாவீத் எதையும் இரண்டு தரம் யோசிப்பவர். "தக்காளி விக்கற ஊர்ல கம்பளி நூலா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை ஏணியோடு மில்லுக்கு வந்து நின்றார்.

கொத்தனார் பச்சியப்பன் உத்தரத்தில் ஒரே ஒரு தட்டுத்தான் தட்டினார். எத்தனை வருஷத்து மாவோ, மொத்தமாக இறங்கியது. டீ வாங்கப் போயிருந்த ஜாவீத் திரும்பி வந்தபோது உள்ளே இரண்டு வெள்ளை உருவங்கள் இருமிக்கொண்டு நின்றன.

"இதுல என் சம்சாரம் எதுங்க?" என்றார்.

ஷாஹீனுக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. கூட்டுவதற்கு வைத்திருந்த துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விக்கல் எடுத்தது. விக்க விக்க இன்னும் சிரித்தாள்.

அந்தச் சிமெண்ட் மேடையோடு பச்சியப்பன் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். சம்மட்டிப் பிடிதான் முறிந்தது. "அக்கா, இது பூமாதேவியோட கடவாப் பல்லுங்க. என்னால புடுங்க முடியாது" என்று கையை விரித்தார். களைத்துப்போய் ஷாஹீன் அதன்மேல் உட்கார்ந்தாள். உயரம் அளந்து வைத்ததுபோல இருந்தது. "வுட்டுருங்கண்ணா! மேல மெத்தை போட்டுக்கலாம். வர்றவங்க உக்காந்து பின்னட்டும்" என்று குதித்து எழுந்தாள்.

ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, அலமாரி பொருத்தி முடிய இரண்டு மாதமாயிற்று. கடை திறக்க ஒருநாள் இருக்கையில் நூல் மூட்டைகள் வந்து இறங்கின. அவசரத்தில் ஷாஹீனே ஒரு மூட்டையை இழுத்தாள். தையல் பிரிந்தது. உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்து, சரிவில் ஓடி, நேரே மார்க்கெட்டுக்குள் போயின.

ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். "டேய், தக்காளி ஓடுது, புடிங்கடா!" என்று யாரோ கத்த, சுமை தூக்கும் மாயவன் ஒரு சிவப்பு உருண்டைமேல் பாய்ந்தான். இண்டூரிலிருந்து தக்காளி விற்க வந்திருந்த தீர்த்தம்மாள் ஓடிவந்த மஞ்சளை அசையாமல் காலாலேயே நிறுத்தினாள். ஒரு நீல நூல் டிராக்டர் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அரை சந்தைக்கு ஊர்வலம் போனது. ஜாவீத் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ஓட வேண்டிய ஷாஹீனோ கதவைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மாயவன் தக்காளி டிரே நிறைய நூலைத் தலையில் சுமந்து வந்து இறக்கினான். "அக்கா, இது எந்தூரு தக்காளிங்க? பஞ்சாட்டம் இருக்குது!"

அன்று சாயங்காலத்துக்குள் சந்தைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் கடையைத் தெரிந்துகொண்டார்கள்.

மறுநாள் திறப்பு. மாயவன் மனைவி காவியாவை அழைத்து வந்தான். அவளுக்கு ஏழு மாதம். குழந்தைக்கு ஒரு குல்லா பின்ன வேண்டுமாம். ஷாஹீன் அவளை மெத்தையில் உட்காரவைத்து ஊசியைக் கையில் கொடுத்தாள். காவியாவுக்கு முடிச்சு விழவில்லை. எட்டி எட்டிப் பார்த்த மாயவன், "இங்க குடு பாக்கலாம்" என்று வாங்கினான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல்கள் மெதுவாக வளைந்தன. ஒரு கண்ணி விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"அய்யோ, வருதுங்கக்கா! எனக்கு வருதுங்க!" என்று அவன் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் மூன்று சுமைக்காரர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னினார்கள். காவியா ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்து, "இறுக்காத, லூசா புடி" என்று புருஷனை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

ஜாவீத் வாசலில் நின்று பார்த்தார். "இதுங்க எல்லாத்துக்கும் நீ ஒருத்தியே சொல்லித் தருவியா?" என்றார்.

"ஏங்க, நீங்களும் உக்காருங்களேன்" என்று ஷாஹீன் நகர்ந்து இடம் விட்டாள். ஒரு தரம்கூட யோசிக்காமல் அவர் உட்கார்ந்தார்.