நாற்பதில் உடைந்த கணக்கு

திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் க்வாலிட்டி இன்சார்ஜாக இருந்தபோது, தபால் வழியில் எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்ட ரோஸ்லினும் சேர்ந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. எண் கோட்பாட்டுக்கு எங்களுக்கு வாய்த்தது ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம். கஷ்டமான இடம் வந்தால் ‘இது தெளிவு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அந்த வார்த்தையைக் கண்டாலே எனக்குச் சந்தேகம். துணி சப்ளையர் “எல்லாம் ஓகேங்க” என்று எந்த ரோலைக் காட்டுகிறாரோ, அதைத்தான் முதலில் பிரிப்பேன்.

ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் நானும் ரோஸ்லினும் ஒரு பயிற்சிக் கணக்கை எடுத்தோம். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதனுடன் அந்த எண்ணையும் நாற்பத்தொன்றையும் கூட்ட வேண்டும். விடை எப்போதும் பகா எண்தானா? ஒன்றுக்கு 43, இரண்டுக்கு 47, மூன்றுக்கு 53. முப்பதுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எதுவும் வகுபடவில்லை.

“பாஸ்” என்றேன்.

“என்னக்கா, சாம்பிள் பாத்தா பாஸ் பண்ணுதிய? நாப்பது போட்டுப் பாருங்க.”

1681. நாற்பத்தொன்றை நாற்பத்தொன்றால் பெருக்கினால் வருவது.

அன்று காலையில்தான் ஒரு ஷிப்மென்ட்டைச் சாம்பிள் பார்த்துப் பாஸ் செய்திருந்தேன். பிரிக்காத பெட்டிகளில் என்ன இருக்கிறதோ! ரோஸ்லின் பின்னாலேயே வர, கீழே போய் லோடு ஏற்றுவதை நிறுத்தச் சொன்னேன்.

ஜி.எம். ஓடி வந்தார். “ஏனுங் மேடம், நீங்களே கையெழுத்துப் போட்டுட்டு நீங்களே நிறுத்தறீங்க? கப்பல் போயிருச்சுன்னா பையர் மறுபடி ஆர்டர் தருவானுங்களா?”

“டவுட்டா இருக்குதுங்க சார்.”

“எதுலீங்க? ஷேடா, அளவா, தையலா?”

“எல்லாப் பெட்டியையும் பிரிச்சுப் பாத்துடலாங்க சார்” என்றேன். அவருடைய பார்வை மாறியது. “யாராச்சும் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று ரோஸ்லினை ஒரு பார்வை பார்த்தார். அவள் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் வரை பிரித்தோம். ஒரு பீஸில் நூல் பிசிறு, அவ்வளவுதான். வண்டி எப்படியோ கப்பலைப் பிடித்துவிட்டது. ஆனால் அடுத்த ஷிப்மென்ட்டிலிருந்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும் என்றார் ஜி.எம். ரொம்ப நாள் அப்படித்தான் நடந்தது.

“நான் கணக்கத்தான சந்தேகப்படச் சொன்னேன்? பொட்டிய இல்லியே!” என்று ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். எண்ணை நிரூபணம் கிடைக்கும்வரை சந்தேகப்படலாம், யாரும் காத்திருக்கவில்லை. துணியைச் சந்தேகப்பட்டால், எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் வண்டியை விடுங்கள்.