தெருவுக்குக் கேட்காத கிட்டார்

டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் தேவசகாயம் அதில் காதை வைத்துக் கேட்கிறார். கீழே நிற்கும் நெசவாளர்களுக்கு அவசரம். ஒரு தெரு முழுக்க விளக்கு அணைந்து கிடக்கிறது. தறியில் அறுந்த இழை எதுவென்று கண்ணுக்குத் தெரியவில்லை. இவரோ ஏணியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, நெஞ்சில் குழாய் வைத்த டாக்டர் போல அசையாமல் நிற்கிறார். "இருங்கப்பா, அது பாட்டுக்குப் பேசிக்கினு இருக்குது. முடிக்கட்டும்" என்கிறார். பிறகுதான் ஏறுகிறார். கொஞ்ச நேரத்தில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துச் சந்து முழுவதும் வெளிச்சம்.

மின்சார வாரியத்தில் லைன்மேன். நாற்பதைத் தொடப்போகிற வயது. காக்கிச் சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா குத்துகிற இடத்தில் இவர் டெஸ்டர் குத்தியிருப்பார். கம்பியும் கயிறும் இழுத்து இழுத்து விரல் நுனிகள் மரமாகிவிட்டன; தீக்குச்சியை அணைக்க வாயால் ஊத மாட்டார், விரலால் நசுக்குவார். விளக்கு எரியாவிட்டால் எந்த வீட்டுக்குள்ளும் இவரை அழைத்துப் போகிறார்கள். அவர் பாட்டனின் நிழல் பட்டதற்கு வாசலில் தண்ணீர் தெளித்த வீடுகளிலும் சமையலறை வரை இப்போது இவர் போகிறார். இருட்டு வந்தால் ஆசாரம் எவ்வளவு சீக்கிரம் ஒதுங்கிக்கொள்கிறது பாருங்கள். விளக்கு எரிந்ததும் அது திரும்பி வந்துவிடும். டீ வரும், ஓரத்தில் தனியாக வைத்திருக்கும் ஒடுங்கிய டம்ளரில். தேவசகாயம் டம்ளரைப் பார்ப்பார். "டீ பழக்கமில்லமா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, தெருமுனைக் கடைக்குப் போய் நின்றபடி இரண்டு டீ குடிப்பார்.

சாயங்காலம் குளித்து, சாப்பிட்டு, வீட்டுக்குள் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார். அது கிட்டார்தான். ஆனால் சினிமாவில் பார்க்கிற கிட்டார் இல்லை. அதைவிடப் பெரிய வயிறு, நீண்ட கழுத்து, ஆறுக்குப் பதில் நாலே கம்பிகள், ஒவ்வொன்றும் சைக்கிள் பிரேக் கம்பி தடிமன். பேஸ் கிட்டார் என்று பெயர். மீட்டினால் பாட்டு வராது. ஆழத்திலிருந்து ஒரு முனகல் வரும். அதன் மேல் இன்னொரு முனகல். எதிரே உட்கார்ந்தால் உங்கள் விலா எலும்பு அதைக் கேட்கும். எழுந்து வாசலுக்குப் போனால் ஒன்றுமே கேட்காது. அந்தக் குறைக்காகத்தான் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

காரணம் சொல்ல அவர் ஊருக்குப் போக வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரம். பெயரை எழுதக் கூடாது என்பது அவர் கட்டளை. "அங்க லைன் பாக்குறதும் நான்தான்பா. நாளைக்கு ஏணி புடிக்க ஒருத்தன் வர மாட்டான்" என்கிறார். அப்பா கலியன். மகனை மிஷன் பள்ளியில் சேர்த்தபோது ஞானஸ்நானத்தோடு தேவசகாயம் என்ற பெயரும் வந்தது. பெயர் மாறியது. பாட்டனுக்கு ஊர் வைத்திருந்த வேலை மாறவில்லை.

அந்த ஊரில் சாவுக்கும் பறை, சாமி புறப்பாட்டுக்கும் பறை. கொட்டுகிறவன் ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பான். கோயில் வாசல் வந்ததும் நின்றுகொள்வான். பந்தியெல்லாம் எழுந்த பிறகு புழக்கடைப் பக்கம் போய்க் கையேந்துவான். இதற்கு முறை என்று பெயர். யாரும் வந்து அழைப்பதில்லை. ஆள் விட்டுச் சொல்வார்கள், போயாக வேண்டும். காய்ச்சலா, வீட்டில் பிரசவமா, ஒருவரும் கேட்பதில்லை. இசையில் தெய்வம் குடியிருக்கிறது என்று மேடையில் கண்மூடிப் பேசுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கலியன் கையிலிருந்த தோலில் மட்டும் அந்தத் தெய்வம் குடியேற மறுத்தது ஏன் என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை.

"அப்பாவுக்குச் சாவு அடி தெரியும். கல்யாண அடி தெரியும், சாமி பொறப்பாடு தெரியும். அவருக்குன்னு ஒரு அடி தெரியாதுப்பா. யாராச்சும் கூப்பிட்டாத்தான் அந்தக் கை ஆடும்" என்று ஒரு நாள் சொன்னார் தேவசகாயம். குரலில் அழுகை இல்லை. மீட்டர் ரீடிங் சொல்வது போலச் சொன்னார்.

முறை மூத்த மகனுக்கு வரும். கலியன் இறந்த பிறகு அது தேவசகாயத்தின் தலையில் இறங்கிக் காத்திருந்தது. பெரிய வீட்டுக் கைலாசம் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஊருக்கு ஒரே பேச்சு. கிழவர் போனால், டவுனில் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் பறையைத் தூக்கிக்கொண்டு வருவானா, மாட்டானா? வராவிட்டால் பெரிய வீடு தன் நிலத்தில் சேரி ஆட்களை அறுப்புக்கு இறக்குமா?

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் அவர் சென்னைக்குப் பஸ் ஏறினார், வீட்டில் சும்மா உட்கார்ந்து வாசிக்க ஒன்று வாங்க. சும்மா என்பது நமக்கு இலேசான சொல். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் சும்மா வாசித்ததில்லை.

மவுண்ட் ரோடுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வாத்தியக் கடை. கடைக்காரர் நல்ல மனிதர். எடுத்த எடுப்பில் பளபளவென்று ஒரு கிட்டாரை இறக்கி ஒரு தட்டுத் தட்டினார். "தெருக்கோடி வரைக்கும் கேக்கும்" என்றார். வியாபாரிக்கு அதுதான் உச்சமான புகழ்ச்சி. தேவசகாயம் உடனே, "அப்ப வேணாம்" என்றார். கடைக்காரருக்குப் புரியவில்லை. இன்னொன்று எடுத்தார். அது இன்னும் உரக்கக் கத்தியது. மெல்லிய கம்பிகள் இவருடைய மரத்த விரல்களுக்குள் அகப்படாமல் வழுக்கின. அப்போதுதான் மூலையில் தூசி படிந்து நின்ற நாலு கம்பிப் பெருவயிற்றுக்காரி கண்ணில் பட்டாள்.

அதைப் பற்றிக் கடைக்காரர் ஒளிக்கவில்லை. ஏதோ ஒரு பாண்டுக்காரர் கல்கத்தாவில் ஆசாரியிடம் சொல்லிச் செய்வித்தது. டிரம் செட்டுக்குப் பக்கத்தில் இது வாசிப்பதே யாருக்கும் கேட்கவில்லை. வேண்டாமென்று கொடுத்துவிட்டுப் போனார். இதற்குத் தனியாக வேலை கிடையாது, மற்றவர்களுக்குப் பின்னால் நிற்கிற வாத்தியம் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தேவசகாயம் அதன் முதுகை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார், கம்பத்தில் கரையான் இருக்கிறதா என்று பார்ப்பது போல. கழுத்து சேருமிடத்தில் நகத்தை ஓட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து தொடை தாங்குமா என்று வைத்துப் பார்த்தார். தடித்த கம்பிகள் விரலுக்கு அடங்கின. பிறகு அதைக் கடைக்காரர் கையில் கொடுத்து, வாசிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து கடைக் கதவைச் சாத்தினார். நடைபாதையில் நின்று காது கொடுத்தார். கதவை ஒட்டி வந்தும் கேட்டார். உள்ளே மனிதர் பாவம், வேர்க்க வேர்க்க மீட்டிக்கொண்டிருந்தார். வெளியே ஒன்றுமில்லை.

"இதான்" என்றார் உள்ளே வந்து.

ஆம்ப்ளிஃபயர் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் சேர்த்துக் கரண்ட் கொடுத்தால் ஊருக்கே கேட்கும் என்று கடைக்காரர் கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்தார். "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்குறவன் நான்தான். இதுக்கு மட்டும் குடுக்க மாட்டேன்பா" என்றார் இவர்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், பக்கத்து சீட்டுக்காரர், முன் சீட்டுப் பெரியவர் என்று எல்லாரும் விசாரித்தார்கள். பாண்டு வைத்திருக்கிறாரா, கல்யாணத்துக்கு வருவாரா, சர்ச்சுக்கா? வீட்டுக்கு, வீட்டுக்கு என்றே சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவரும் நம்பவில்லை. மனைவி மரியம்மாள் அதைப் பார்த்ததும், நம் வீட்டில் ஏற்கெனவே பெருத்த வயிறு ஒன்று இருக்கிறதே என்று கணவரைப் பார்த்தாராம். பக்கத்து வீட்டில் பட்டு நெய்கிற கிருஷ்ணவேணி, மிச்ச நூலில் சிவப்புக் கரை வைத்துத் தோளில் மாட்ட ஒரு பட்டை நெய்து கொடுத்தார். உட்கார்ந்து வாசிக்கிறவருக்குத் தோள் பட்டை தேவையில்லை. ஆனாலும் மாட்டிக்கொள்கிறார். "கரை நல்லா வந்துக்குது இல்ல?" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

யாரிடமும் பாடம் கேட்கவில்லை. எந்தப் பாட்டும் வாசிப்பதில்லை. நிறுத்த வேண்டும் என்று தோன்றும்போது நிறுத்துகிறார், சில நாள் பாதியிலேயே. அந்த இடத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மிராசுதார்களின் முகத்தில் நான் பார்த்த நிம்மதி அது.

போன மாசம் கைலாசம் இறந்தார். தலையாரி சைக்கிளில் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: பறையோடு வரச் சொன்னாங்க. கம்பத்தில் வேலை இருக்கிறது, வர முடியாது என்று தேவசகாயம் சொல்லியிருக்கலாம். லீவு இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வர மாட்டேன்னு சொல்லுங்க. வேலை இருக்குதுன்னு சொல்லாதீங்க. வர மாட்டேன்னே சொல்லுங்க" என்றார். அன்று அவருக்கு வார விடுமுறை.

தலையாரிக்குப் பின்னாலேயே சித்தப்பா காசிநாதன் ஓடி வந்தார். சேரியில் இன்னும் அந்த நிலத்தை நம்பியிருக்கிறவர் அவர். ஒரு நாள்தானே, அறுப்பு வருகிறதே, உன் கௌரவத்துக்கு நாங்கள் பட்டினி கிடப்பதா என்று கெஞ்சினார், திட்டினார், மறுபடி கெஞ்சினார். அவர் கேட்டதில் ஒன்றும் பொய்யில்லை. தேவசகாயத்துக்கும் அது தெரியும். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"சித்தப்பா, இன்னிக்கு நான் அடிச்சா நாளைக்கு உன் பேரன் அடிக்கணும். அவன அனுப்புறியா, சொல்லு. நான் இப்பவே கெளம்புறேன்."

காசிநாதனின் பேரன் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறான். கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கைலாசத்தின் பிணம் அந்த ஊர்ச் சரித்திரத்தில் முதல் தடவையாகப் பறை இல்லாமல் புறப்பட்டது. வழக்கம் போலவே எரிந்தது. வானம் இடிந்து விழவில்லை.

அறுப்புக் கேள்வி மட்டும் பாக்கி நின்றது. பெரிய வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. காசிநாதன் தினமும் டவுனுக்கு வந்து அண்ணன் மகன் வீட்டில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கருமாதிக்கு இரண்டு நாள் முன்பு நானும் அங்கே இருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மழித்த தலையும் வெள்ளை வேட்டியுமாக இறங்கியவர் கைலாசத்தின் மகன் சபாபதி. சென்னையில் கம்பெனி உத்தியோகம். ஆள் விடாமல் தானே வந்திருந்தார். காசிநாதன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்.

வாசலிலேயே நின்ற சபாபதி கோபமாகப் பேசவில்லை. காலம் மாறிவிட்டதை அவரும் ஒப்புக்கொள்கிறார். பறை வேண்டாம். இவரிடம் ஏதோ இங்கிலீஷ் வாத்தியம் இருப்பதாகக் கேள்விப்பட்டார். அதை எடுத்து வந்து அப்பா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வாசித்தால் போதும். கார் அனுப்புவார், பந்தலில் நாற்காலி போடுவார், முதல் பந்தியிலேயே சாப்பிடலாம். "மரியாதையாத்தான் கூப்பிடறேன், தேவசகாயம்" என்றார். பிறகு, போகிற போக்கில் சொல்வது போல, அறுப்புக்கும் நம்ம ஆட்களையே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றும் சேர்த்தார்.

காசிநாதன் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அண்ணன் மகனையே பார்த்தார். மரியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நாற்காலியும் கொடுத்து, காரும் கொடுத்து, சோறும் கொடுத்தால் அது பழைய முறை இல்லையே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். எனக்கும் ஒரு கணம் தோன்றியது. தேவசகாயத்துக்குத் தோன்றவில்லை.

"அறுப்புக்குக் கூப்பிடுங்க சார், கூலிக்கு வருவாங்க. நல்லா அறுப்பாங்க. அது வேற, இது வேற" என்றார். கிட்டாரை எடுத்து, கிருஷ்ணவேணி நெய்த பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இது எங்கயும் போகாது. போனாலும் உங்க பந்தல்ல ஒருத்தருக்கும் கேக்காது. கேக்கணும்னு ஆசைன்னா உள்ள வந்து, பக்கத்துல உக்காந்துதான் கேக்கணும். வாங்க சார்."

மரியம்மாள் ஸ்டூலைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டார். சபாபதி காரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டார். இன்னொன்று காலிலேயே இருந்தது.

அவர் எதைச் செய்யப்போகிறார் என்று தேவசகாயம் பார்க்கவில்லை. ஒரு கையால் கிட்டாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போனார். மறு கையால் சித்தப்பாவின் தோளைத் தொட்டு அழைத்து வந்து, அழுத்தி, அவர் துள்ளி எழுந்த அதே நாற்காலியில் உட்கார வைத்தார்.